கிளவுட்ஃபிளேரில் டொமைன் வாங்கலாமா? ஓர் அச்சகக்காரரின் அனுபவம்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் கல்யாண அட்டை அச்சடிக்கும் கடை எங்களுடையது. அட்டைக்கு வருபவர்களே, "அண்ணே, வெப்சைட்டுக்கும் ஒரு பேர் வாங்கித் தாங்களேன்" என்று கேட்கத் தொடங்கியதில் டொமைன் பதிவு செய்வதும் கடை வேலையில் ஒன்றாகிவிட்டது. கேட்டரிங் நடத்துபவர், மாலை கட்டுபவர், நாதஸ்வரக் குழு, டியூஷன் ஆசிரியர் என்று பலருக்கும் செய்து கொடுத்திருக்கிறேன். டாட் காம் பெயர் என்றால் நான் நேராகப் போவது கிளவுட்ஃபிளேர் என்ற அமெரிக்க இணையச் சேவைக் கம்பெனிக்குத்தான். முதல்முறை வாங்குபவர்களுக்கும் அதையே சொல்கிறேன். சில பேருக்கு மட்டும் அது சரிப்பட்டு வராது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் விலை. டொமைனை யாரும் ஒரேயடியாகச் சொந்தமாக்கிக்கொள்ள முடியாது. ஒரு வருடத்துக்கு எடுக்கலாம், அதிகபட்சம் 10 வருடத்துக்கு எடுக்கலாம், அப்புறம் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். இது தெரியாதவர்களைக் குறிவைத்துத்தான் பல கம்பெனிகள் முதல் வருடத்தை அடிமாட்டு விலைக்குக் கொடுக்கின்றன. அடுத்த வருடம் பில் வரும்போது அது இரண்டு மூன்று மடங்காகியிருக்கும். அதற்குள் பெயர் கடை போர்டிலும் வேனிலும் பில் புத்தகத்திலும் ஏறியிருக்கும், கட்டாமல் என்ன செய்வது? அதனால் எந்தக் கம்பெனிக்குப் போனாலும் இரண்டாம் வருட விலையைத் தேடிப் பாருங்கள். பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும்.

டாட் காம் பெயர்களை நிர்வகிப்பது வெரிசைன் என்ற அமெரிக்க நிறுவனம். டொமைன் விற்கும் கம்பெனிகளிடம் ஒரு பெயருக்கு வருடத்துக்கு வாங்கும் மொத்த விலையை 2024 செப்டம்பரில் 10 டாலர் 26 சென்ட் ஆக்கினார்கள். எந்தக் கடையில் வாங்கினாலும் இந்தக் காசு அவர்களுக்குப் போய்த்தான் ஆக வேண்டும். அதற்கு மேல், உலக அளவில் டொமைன் பெயர்களுக்கு விதி வகுக்கும் ஐகேன் அமைப்புக்குச் சில சென்ட். கிளவுட்ஃபிளேர் 2018-ல் இந்தச் சேவையை அறிவித்தபோது, அடக்கவிலைக்கே தருவோம், மேலே ஒரு காசு வைக்க மாட்டோம் என்றார்கள். சொன்ன சொல்லை இன்றுவரை காப்பாற்றுகிறார்கள். நம் மலேசியக் காசுக்கு 40 வெள்ளிச் சொச்சம். முதல் வருடமும் அதுதான், புதுப்பிக்கும்போதும் அதுதான். வெரிசைன் ஏற்றினால் ஏறும், டாலர் ஏறினால் ஏறும். மற்றபடி ஒளிவுமறைவு கிடையாது.

செந்தூலில் வீட்டிலிருந்தே கேட்டரிங் செய்யும் அக்கா ஒருவருக்குப் பதிவு செய்ததைச் சொன்னால் வேலை எப்படி நடக்கிறது என்று புரியும். அவரையே கணினி முன்னால் உட்கார வைத்தேன். கணக்கு திறந்தது அவருடைய ஜிமெயிலில், பணம் கட்டியது அவருடைய கார்டில். இதில் நான் ரொம்பக் கறார், என் இமெயிலில் யாருக்கும் பதிவு செய்து கொடுப்பதில்லை. அவர் முதலில் நினைத்து வந்த பெயர் நீளம். அதைப் போனில் ஒருவருக்குச் சொல்வதுபோலச் சொல்லிப் பார்க்கச் சொன்னேன். எழுத்தைக் கூட்டிச் சொல்வதற்குள் அவருக்கே மூச்சு வாங்கியது. கடைசியில் மகள் சொன்ன குட்டிப் பெயரை எடுத்தோம்.

விவரம் நிரப்பும் பக்கத்தில் அக்கா சட்டென்று கையை எடுத்துவிட்டார். "வீட்டு அட்ரஸ் கேக்குதே தம்பி, ஊருக்கெல்லாம் தெரியுமா?"

"தெரியாதுக்கா. வெளியே பார்ப்பவர்களுக்கு மாநிலமும் நாடும் மட்டும்தான் தெரியும்."

இந்த மறைப்புக்குத் தனிக் காசு வாங்கும் கம்பெனிகள் உண்டு, இங்கே இலவசம். முகவரியும் போன் நம்பரும் வெளியே தெரிந்தால் லோகோ செய்து தருகிறோம், கூகுளில் முதலிடம் வாங்கித் தருகிறோம் என்று அழைப்பு மேல் அழைப்பாக வரும். ஆனால் மறைக்கிறார்கள் என்பதற்காகப் பொய் விவரம் கொடுத்துவிடாதீர்கள். நாளைக்கு ஏதாவது தகராறு வந்தால் அந்தப் பதிவுதான் உங்கள் சாட்சி. பணம் கட்டியதும் இமெயிலைச் சரிபார்க்கச் சொல்லி ஒரு கடிதம் வரும். ஐகேன் விதிப்படி 15 நாளுக்குள் அதை உறுதி செய்யாவிட்டால் பெயரை முடக்கிவிடலாம். ஆகவே அக்கா எழுந்து போகும் முன்பே அதையும், கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீடும் கேட்கும் இரண்டடுக்குப் பூட்டைக் கணக்குக்குப் போடுவதையும் முடித்துவிட்டோம். அந்த டொமைன் பெயரிலேயே ஒரு இமெயில் முகவரி வைத்து, அதற்கு வருவதெல்லாம் அவருடைய ஜிமெயிலுக்குப் போகும்படி செய்ததும் அதே கணக்கில்தான், அதற்கும் காசில்லை.

இனி குறைகள். முதலாவது, நேம்சர்வர். உங்கள் பெயரைத் தட்டியவரை எந்த சர்வருக்கு அனுப்புவது என்று சொல்லும் அந்த வேலையைக் கிளவுட்ஃபிளேரே செய்யும், வேறு யாரிடமும் கொடுக்க விடாது. வெப்சைட்டை நீங்கள் விரும்பும் இடத்தில் வைத்துக்கொள்ளலாம், அந்த முகவரியை இங்கே பதித்தால் போதும். ஆனால் வெப்சைட்டுக்கு இடம் தரும் உங்கள் ஹோஸ்டிங் கம்பெனி "எங்கள் நேம்சர்வருக்கு மாற்றினால்தான் ஆகும்" என்று பிடிவாதமாகச் சொன்னால் இது உங்களுக்கு ஆகாது. இரண்டாவது, இலவசக் கணக்கில் போன் போட்டுக் கேட்க ஆள் கிடையாது. என் அப்பா வயதுக்காரர்கள் தனியாகச் செய்ய வேண்டுமென்றால் இது பெரிய குறைதான். அவர்கள் நம் ஊரில் போன் எடுத்துப் பேசும் கம்பெனிக்குக் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் தப்பில்லை. மூன்றாவது, நம் ஊர் பேங்க் கணக்கிலிருந்து நேராகக் கட்டும் எஃப்பிஎக்ஸ் வழியாகப் பணம் கட்ட முடியாது, கார்டோ பேபாலோ வேண்டும். டெபிட் கார்டு என்றால் வெளிநாட்டு இணையப் பரிவர்த்தனையை முதலில் பேங்க் ஆப்பில் திறந்துவிட வேண்டும், இல்லையென்றால் கார்டு நிராகரிக்கப்படும்.

டாட் மை பெயர் வேண்டும் என்பவர்கள் இங்கே வரவே வேண்டாம், கிடைக்காது. மலேசியாவுக்கான அந்தப் பெயர்கள் மைநிக் நிறுவனத்தின் பொறுப்பு, அவர்களுடைய முகவர்களிடம் வாங்க வேண்டும். டாட் காம் டாட் மை என்றால் எஸ்எஸ்எம்மில், அதாவது நிறுவனப் பதிவு ஆணையத்தில், வியாபாரத்தைப் பதிந்த பத்திரமும் கேட்பார்கள். உள்ளூர் வாடிக்கையாளர்களை மட்டுமே நம்பியிருக்கும் கடைக்கு அது நல்ல முகவரி, பார்த்தவுடன் நம்பிக்கை வரும்.

யார் இமெயிலில் பதிவு என்பதில் நான் கறாராக இருப்பதற்குக் காரணம் மாலை கட்டும் நண்பர் ஒருவர். அவருக்கு வெப்சைட் செய்து கொடுத்தவர் டொமைனைத் தன் இமெயிலில், தன் பெயரில் எடுத்திருந்தார். பிறகு போனே எடுக்கவில்லை. ஆவணத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்குத்தான் உரிமை. நண்பர் வருடா வருடம் காசு கட்டியதற்கு வாட்ஸ்ஆப் செய்திகள்தான் அத்தாட்சி. தெரிந்தவர்கள் மூலமாக ஆளைப் பிடித்து, டொமைன் வேறு கம்பெனிக்கு நகராமல் தடுக்கும் பூட்டைத் திறக்க வைத்து, மாற்றுவதற்கான ரகசியக் குறியீட்டை வாங்குவதற்குள் தீபாவளி வியாபாரம் போய்விட்டது. எனக்கு இன்றும் அதை நினைத்தால் கோபம் வருகிறது. குறியீடு கைக்கு வந்த பிறகு கிளவுட்ஃபிளேருக்கு மாற்றியது சுலபமாக முடிந்தது. மாற்றும்போது கட்டிய பணத்துக்கு ஒரு வருடமும் கூடியது. புதிதாகப் பதிந்த பெயரையோ அப்போதுதான் இடம் மாற்றிய பெயரையோ 60 நாளைக்கு வேறு கம்பெனிக்கு நகர்த்த முடியாது, அதை மட்டும் கணக்கில் வையுங்கள்.

புதுப்பித்தலைத் தானாக நடக்கும்படி இவர்களே வைத்துத் தருகிறார்கள், அதை அணைக்காதீர்கள். காலாவதிக்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் நினைவூட்ட வேண்டும் என்பது எல்லாக் கம்பெனிக்கும் உள்ள விதி. அதையும் தவறவிட்டால் டாட் காம் பெயருக்குக் கம்பெனியைப் பொறுத்து 45 நாள் வரை புதுப்பிக்க அவகாசம் உண்டு. அதற்குப் பின் 30 நாள் மீட்புக் காலம், அப்போது தண்டத்தொகை கையைக் கடிக்கும். கடைசி 5 நாளில் ஒன்றும் செய்ய முடியாது. பிறகு பெயர் சந்தைக்கு வந்துவிடும், ஓடிக்கொண்டிருக்கும் கடையின் பெயரென்றால் காத்திருந்து தூக்குபவர்கள் இருக்கிறார்கள்.

பெரும்பாலும் காலை வாருவது கார்டுதான். கார்டு காலாவதியாகி பேங்க் புதியது அனுப்பியிருக்கும், டொமைன் கணக்கில் பழைய நம்பரே கிடக்கும், பணம் எடுக்க முடியாது. நான் பதிவு செய்து கொடுத்த ஒவ்வொருவருக்கும் கடை நோட்டில் ஒரு வரி உண்டு: பெயர், புதுப்பிக்கும் தேதி, கார்டு முடியும் மாதம். அந்த மாதம் நெருங்கும்போது ஒரு செய்தி தட்டிவிடுகிறேன். "உங்கள் டொமைன் முடியப்போகிறது, உடனே கட்டுங்கள்" என்று முகம் தெரியாத இடத்திலிருந்து கடிதமோ இமெயிலோ வந்தால் அதிலுள்ள இணைப்பைத் தொடாதீர்கள். நேராகக் கிளவுட்ஃபிளேர் கணக்குக்குள் போய்த் தேதியைப் பாருங்கள், இல்லையென்றால் கடைக்கு எடுத்து வாருங்கள், சேர்ந்தே பார்ப்போம்.