ஒன்பது ஆண்டுகள் ஒரு மடக்கு மேசையோடு: மாவு, பாசிமணி, இரண்டு பூனைகள்

இந்த மேசையைப் பற்றி எழுத வேண்டும் என்று மூன்று ஆண்டுகளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். எழுத உட்கார்ந்தால் மேசைமேல் இடம் இருக்காது. மாவு விரித்திருப்பேன், இல்லாவிட்டால் பாசிமணிக் கிண்ணங்கள் பரப்பிக் கிடக்கும். இரண்டும் இல்லாத நேரத்தில் ஒரு பூனை நீட்டிப் படுத்திருக்கும். இன்று அதிசயமாக ஒரு மூலை காலி.

2016 செப்டம்பர் கடைசியில், ஸ்வீடனின் உப்சாலாவில் ஒரு பழைய சாமான் கடையில் 450 குரோனருக்கு வாங்கினோம். பைன் மரம். ஸ்வீடிஷில் இந்த வகைக்கு ஸ்லாக்பூர்ட் என்று பெயர். நடுவில் ஒடுக்கமான ஒரு பலகை, இரண்டு பக்கமும் கீலில் தொங்கும் இறக்கைகள். அடியில் இருக்கும் காலைக் கதவு திறப்பதுபோல வெளியே இழுத்தால் அது இறக்கைக்கு முட்டுக் கொடுக்கும். மடக்கினால் 30 சென்டிமீட்டர், சுவரோடு ஒட்டிக்கொள்ளும். இரண்டு பக்கமும் விரித்தால் 150. எங்களுடையது இரண்டு அறையும் ஒரு சமையலறையும் உள்ள வீடு. இதைவிடப் பெரிதாக எதை வாங்கினாலும் நாங்கள் மாடிப்படியில்தான் சாப்பிட வேண்டியிருக்கும்.

வாங்கிய அவசரத்துக்குக் காரணம் அக்டோபர் 4. அன்று ஸ்வீடனில் இலவங்கப்பட்டை பன்னுக்கு என்றே ஒரு நாள், கனெல்புல்லென்ஸ் தாக். பழங்காலத் திருவிழா என்று நினைத்துவிட வேண்டாம். வீட்டில் ரொட்டி சுடுவதை ஊக்குவிக்கும் ஓர் அமைப்பு 1999 இல் தொடங்கி வைத்தது. அந்த ஆண்டு எதிர்வீட்டுப் பாட்டி எனக்குப் பன் செய்யக் கற்றுத்தருவதாகச் சொல்லியிருந்தார். மாவு தேய்க்க என்னிடம் இருந்ததோ ஒரு சப்பாத்திப் பலகை. அதைப் பார்த்துவிட்டு, "இதில் பொம்மைக்குத்தான் பன் செய்ய முடியும்" என்றார்.

அவர் சொன்னது சரி. ஒரு முறைக்கான கணக்கு இதுதான்: ஐந்து டெசிலிட்டர் (அரை லிட்டர்) பால், 50 கிராம் கட்டி ஈஸ்ட், 150 கிராம் வெண்ணெய், ஒன்றரை டெசிலிட்டர் சர்க்கரை, 800 கிராமுக்குக் கொஞ்சம் முன்னே பின்னே கோதுமை மாவு, ஒரு பெரிய கரண்டி ஏலக்காய், அரைச் சின்னக் கரண்டி உப்பு. பால் 37 டிகிரி இருக்க வேண்டும். வெப்பமானி இல்லாதவர்கள் விரலை விட்டுப் பார்ப்பார்கள். சூடும் தெரியக் கூடாது, குளிர்ச்சியும் தெரியக் கூடாது. ஏறத்தாழ நாற்பது பன் வரும். அத்தனை மாவையும் ஒரே விரிப்பாகத் தேய்க்க ஒரு கை நீளப் பலகையாவது வேண்டும். இந்த மேசையின் ஓர் இறக்கையைத் தூக்கினால் போதும்.

ஏலக்காயைப் பற்றி ஒரு வார்த்தை. நான் தேனி மாவட்டத்துக்காரி. போடிநாயக்கனூரில் ஏலக்காய் ஏலம் நடக்கிற ஊர்ப் பேச்சைக் கேட்டு வளர்ந்தவள். எங்கள் வீட்டில் பாயசத்துக்கு நான்கு காய் தட்டிப் போட்டால் அம்மா ஐந்தாவதை டப்பாவில் திரும்பப் போட்டுவிடுவார். இங்கே ஒரு பன் மாவுக்கு ஒரு பெரிய கரண்டி விதை! தொலைபேசியில் சொன்னபோது அம்மா கேட்ட ஒரே கேள்வி: "அவர்கள் ஊரில் விளைகிறதா?" விளைவதில்லை. ஆனாலும் அம்மா சொன்ன யோசனையைத்தான் இன்றுவரை பின்பற்றுகிறேன்: பொடியாக வாங்காதே, விதையை வாங்கி ஒன்றிரண்டாக இடி. பாட்டியும் இதையே சொன்னார். பேச ஒரு பொது மொழி இல்லாத இரண்டு கிழவிகள் இடிப்பதில் ஒத்துப்போனார்கள்.

மேசை மாவுக்கு எப்படி என்றால், மிக நன்று. பைன் மரத்தில் வெண்ணெய் மாவு ஒட்டாமல் வர மேலே தூவும் மாவு ஒரு பிடி போதும். தேய்த்த மாவில் வெண்ணெய், சர்க்கரை, ஏலக்காயைப் பூசி, கடிதம் மடிப்பதுபோல மூன்றாக மடித்து, விரல் அகல நாடாக்களாக வெட்ட வேண்டும். ஒரு நாடாவை எடுத்து இரண்டு முனையையும் எதிரெதிராக முறுக்கி, இரண்டு விரலைச் சுற்றி இரண்டு சுற்று, கடைசி வாலை நடுவே இழுத்து அடியில் செருகினால் முடிச்சுப் பன். முதல் ஆண்டு என் முடிச்சுகளெல்லாம் 225 டிகிரி அடுப்பில் அவிழ்ந்து பாம்புபோலப் படுத்துவிட்டன. வாலை அடியில் செருகாமல் பக்கவாட்டில் ஒட்டியதுதான் பிழை, மேசை நிரபராதி.

மரம் மிருது என்பது குறைதான். பூரிக்கட்டை தவறி விழுந்த இடம், ஊசி குத்திய இடம், பூனை நகம் எல்லாம் பதிந்திருக்கிறது. எண்ணெய் பூசலாமா என்று யோசித்தேன். ஆளிவிதை எண்ணெய் நனைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் அது தானாகவே தீப்பிடிக்கும், தண்ணீரில் முக்கி வைக்க வேண்டும் என்று பாட்டி எச்சரித்ததும் ஆசை போய்விட்டது. இங்கே பழைய வழக்கம் சோப்பா என்ற மென்சோப்பால் மரத்தின் ரேகையோடு தேய்த்துக் கழுவுவது. வருடத்துக்கு இரண்டு முறை செய்கிறேன். மரம் வெளுத்து, தொட்டால் காய்ந்த வேட்டிபோல இருக்கிறது. ஒரே ஒரு மஞ்சள் கறை மட்டும் போகவில்லை. அது 2018 டிசம்பரில் விழுந்தது.

டிசம்பர் 13, லூசியா நாள். அதற்குக் குங்குமப்பூப் பன் சுடுவார்கள். இங்கே குங்குமப்பூ அரை கிராம் பொட்டலத்தில் வரும். களவுக்குப் பயந்து பல கடைகளில் காசாளர் பக்கத்தில்தான் வைத்திருப்பார்கள். அதைச் சர்க்கரையோடு நுணுக்கி ஒரு சொட்டு மதுவில் ஊற வைத்தால் நிறம் நன்றாக இறங்கும். இறங்கியது, மேசையிலும். அந்தப் பன்னின் பெயர் லுஸ்ஸெகாத், அதாவது லூசியாப் பூனை. எஸ் எழுத்துபோல இரு முனையும் சுருண்டு, ஒவ்வொரு சுருளின் நடுவிலும் ஓர் உலர்திராட்சை. பூனை சுருண்டு தூங்குவதை நேரில் பார்த்த பிறகுதான் எனக்குப் பெயர்ப் பொருத்தம் விளங்கியது.

நேரில் பார்த்தது அடுத்த ஆண்டு. 2019 வசந்தத்தில் சீனியும் பீரங்கியும் வந்தார்கள். அக்காவும் தம்பியும். அவள் வெள்ளை, இவனுக்கு ஏன் அந்தப் பெயர் என்று இவன் ஓடுவதை ஒரு முறை கேட்டால் தெரியும். சீனி என்று பெயர் வைத்த பிறகு படித்தேன்: பூனையின் நாக்குக்கு இனிப்பே தெரியாதாம். இனிப்பை உணர்த்தும் மரபணு அந்தக் குலம் முழுவதிலும் செயலற்றுப் போய்விட்டது. நான் பூசி வைத்த விரிப்பில் சீனி சர்க்கரையைப் பொருட்படுத்தாமல் வெண்ணெயை மட்டும் நக்கிய காரணம் அன்றுதான் புரிந்தது.

பூனை உள்ள வீட்டில் மாவைத் திறந்து வைக்கக் கூடாது. இது சுத்தம் பற்றிய பேச்சு மட்டும் இல்லை. ஈஸ்ட் போட்ட பச்சை மாவு வயிற்றுச் சூட்டில் தொடர்ந்து உப்பிக்கொண்டே போகும்; அதில் சாராயமும் உண்டாகும். சின்ன உடம்புக்கு ஆபத்து. துணி போட்டு மூடினால் போதாதா? போதாது. முதல் மாதத்திலேயே பீரங்கி துணியின் மேல், இளஞ்சூடான மாவின் மேல், அடைகாக்கும் கோழிபோல உட்கார்ந்திருந்தான். இருபது பன் தோசையாயின. இப்போது மாவுக் கிண்ணத்தை அணைத்த அடுப்புக்குள் வைத்து, விளக்கை மட்டும் போட்டுவிடுகிறேன்.

பாசிமணிக்கு வருகிறேன். இந்த மேசையின் நல்லதும் கெட்டதும் அங்கேதான் அதிகம் தெரியும். குளிர்காலத்தில் இங்கே மூன்று மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். அந்த நீண்ட மாலைகளைத் தள்ளத்தான் மணி கோர்க்கத் தொடங்கினேன். நான் பயன்படுத்துவது பெரும்பாலும் ஜப்பானிய டெலிகா, பதினோராம் எண். குட்டி உருளை, குறுக்களவு 1.6 மில்லிமீட்டர். ஒரு கிராமில் இருநூறு மணி வரும். மணிகளில் எண் ஏற ஏற அளவு சிறுக்கும். எட்டாம் எண் ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர்.

வெறும் மரத்தில் மணி உருண்டு ஓடும். ஒரு தடித்த கம்பளித் துண்டை விரித்துக்கொள்வேன். ஊசியால் ஒன்றொன்றாகப் பொறுக்க அது வசதி. மணியை அள்ள நான் கண்டுபிடித்த சிறந்த கருவி இந்த நாட்டுச் சமையல் அளவுக் கரண்டிகளில் மிகச் சிறியது, ஒரு மில்லிலிட்டர் க்ரிட்மோட். கேடும் அதில்தான் வந்தது.

ஸ்வீடிஷில் பேர்லா என்றால் முத்து, மணி இரண்டும். பன்னின் மேல் தூவும் வெள்ளைக் கட்டிச் சர்க்கரைக்கும் பேர்ல்சாக்கர் என்றுதான் பெயர். ஒரு நாள் ஒரே மேசையில் ஒரு பக்கம் எட்டாம் எண் வெள்ளை மணி, மறுபக்கம் பன் தட்டு, நடுவில் அதே கரண்டி. அன்று மாலை ஃபிகாவுக்கு, அதாவது காப்பியும் பன்னுமாக உட்காரும் நேரத்துக்கு, வந்த பாட்டி ஒரு கடி கடித்தார், நிறுத்தினார், வாயிலிருந்து எதையோ எடுத்துத் துடைத்து, தட்டோரம் வைத்தார். "இது கரையவில்லையே" என்றார். என் முகம் போன போக்கைப் பார்த்து, "பேர்ல்சாக்கரில் பேர்லா இருப்பது நியாயம்தானே" என்று அடுத்த கடி கடித்தார். எண்பது வயதிலும் அவருக்கு எல்லாம் சொந்தப் பல், தப்பித்தேன். அன்று முதல் கரண்டிகள் தனித்தனி, மணி இருக்கும் நாளில் மாவு கிடையாது, இறக்கை மாற்றிப் போட்டாலும் கிடையாது.

பூனையும் மணியும் சேர்ந்தால் மணி தரையில். அது வெறும் வேலை. நூல்தான் பயம். நான் கோர்ப்பது மீன்பிடி நூலிலிருந்து வந்த, அறுக்கவே முடியாத பின்னல் நூல். பூனையின் நாக்கில் முட்கள் உள்நோக்கிச் சாய்ந்திருப்பதால், நூல் ஒட்டினால் அதற்குத் துப்பத் தெரியாது; விழுங்கத்தான் தெரியும். உள்ளே போனால் குடலைச் சுருக்கிப் பிடித்து அறுக்கும். 2021 இல் ஒரு நாள் சீனியின் வாயோரம் இரண்டு அங்குல நூல் தொங்கியது. கை தானாக இழுக்கப் போனது. கணவர் கையைப் பிடித்துக்கொண்டார். தொலைபேசியில் கால்நடை மருத்துவரும் முதலில் சொன்னது அதுதான்: இழுக்காதீர்கள், அழைத்து வாருங்கள். ஓர் இரவு அங்கேயே வைத்துப் பார்த்தார்கள். ஊசி இல்லை, நல்லவேளை. மூன்றாம் நாள் மணல் பெட்டியில் நூல் கிடைத்தது. இப்போது எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாலும் நூலும் ஊசியும் மூடியுள்ள டப்பாவுக்குள் போய்விடும். மிச்சத் துண்டுகளைக் குப்பைக்கூடையில் போடுவதில்லை. ஒரு பழைய ஜாம் பாட்டிலில் போட்டு மூடுகிறேன். அவர்களுக்கு விளையாட மணி இல்லாத, நூல் இல்லாத, கசக்கிய பன் காகிதம் உண்டு. பீரங்கிக்கு அது போதும். நள்ளிரவு இரண்டு மணிக்கும் போதும்.

மேசையில் செய்த திருத்தங்கள் இரண்டு. முட்டுக் கொடுக்கும் கால் யாராவது இடித்தால் நகர்ந்து, இறக்கை தொங்கிவிடும். ஒரு முறை கணவரின் கால் பட்டு நானூறு கிராம் மணி ஒரே சத்தத்தில் கொட்டியது. இறக்கையின் அடியில் ஒரு சிறு மர ஆப்பை ஒட்டிய பிறகு கால் நகர்வதில்லை. இன்னொன்று, பூனைகள் பிறாண்டிக்கொண்டிருந்த காலில் சிசல் என்ற நார்க் கயிற்றை நெருக்கமாகச் சுற்றிவிட்டேன். மற்ற கால்களை அவர்கள் மறந்தேபோனார்கள்.

தீராத குறை கீல் இடுக்கு. கோடையில் இறக்கையும் நடுப்பலகையும் இறுகக் கவ்விக்கொள்ளும்; மடக்கவே முழங்கை வேண்டும். ஜனவரியில் வீட்டுச் சூட்டில் காற்று உலர்ந்து மரம் சுருங்க, இடுக்கு இரண்டு மில்லிமீட்டருக்கு விரியும். என் 1.6 மில்லிமீட்டர் மணி அதில் நிமிர்ந்து நடந்து போகலாம். போயிருக்கின்றன. போன வாரம் திருகு முறுக்க மேசையைக் கவிழ்த்து, மணி ஊசியால் இடுக்கைக் கிளறினேன். காய்ந்த மாவு ஒரு நாடாபோல வந்தது. அதில் ஏலக்காய்ச் சிதறல், வெள்ளை முடி, கறுப்பு முடி, இருபத்து மூன்று மணிகள். அதில் ஒன்று கருநீலம், உள்ளே வெள்ளி பூசியது. 2017 இல் நான் முதன்முதலில் கோர்த்த கைச்சங்கிலியில் ஒரு மணி குறைவாக முடித்துவிட்டு, கடைக்காரர்தான் எண்ணிக்கையில் ஏமாற்றினார் என்று வீடெல்லாம் சொல்லித் திரிந்தேன். அந்தக் கடைக்காரரிடம் இந்தச் செய்தியைச் சொல்லும் திட்டம் எதுவும் இல்லை.

இதுபோன்ற மேசை இங்கே பழைய சாமான் கடைகளில் அடிக்கடி வரும். வாங்க நினைப்பவர்கள் பிப்ரவரியில் போங்கள், கோடையில் வேண்டாம். சட்டைப் பையில் ஒரு பதினோராம் எண் மணியைக் கொண்டுபோய்க் கீலருகே வைத்து விரலால் தள்ளிப் பாருங்கள். உள்ளே விழுந்தால் ஐம்பது குரோனர் குறைத்துக் கேளுங்கள்.