கோப்பின் வாலைப் பார்: சுங்கை சிப்புட் கடையில் 18 ஆண்டு அனுபவம்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் ஃபோட்டோஸ்டேட் கடை வைத்து 18 ஆண்டுகள் ஆகிவிட்டன. அப்போதெல்லாம் தோட்டத்திலிருந்து வருபவர்கள் பென்டிரைவைக் கொண்டு வருவார்கள். இப்போது கைப்பேசிதான். "தம்பி, இத கொஞ்சம் பிரிண்ட் எடுத்துக் குடு" என்று நீட்டியதும் கோப்புப் பெயரில் புள்ளிக்குப் பின்னால் உள்ள மூன்று நான்கு எழுத்து வாலைத்தான் முதலில் பார்ப்பேன். அச்சு ஒழுங்காக வருமா, எழுத்து உடையுமா, திறக்கவே கூடாத கோப்பா என்று முக்கால்வாசி அதிலேயே தெரிந்துவிடும்.

விண்டோஸ் இந்த வாலை மறைத்தே வைத்திருக்கும். புதுக் கணினி வந்தால் என் முதல் வேலை அதை வெளியே கொண்டுவருவது. விண்டோஸ் 11-இல் ஃபைல் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து வியூ, அதில் ஷோ, அதில் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ். 2000 மே மாதம் உலகைச் சுற்றிய 'ஐ லவ் யூ' வைரஸ் இந்த மறைப்பை வைத்துத்தான் பலரை ஏமாற்றியது. டிஎக்ஸ்டி என்று முடியும் சாதாரணக் கடிதம்போல் தெரிந்தது. அதற்கும் பின்னால் விபிஎஸ் என்ற உண்மையான வால் ஒளிந்திருந்தது. விபிஎஸ் என்றால் கணினியில் ஓடும் நிரல்.

இன்று அதே தந்திரம் கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் வருகிறது. பத்திரிகை என்றால் படமாக இருக்கும், இல்லாவிட்டால் பிடிஎஃப்பாக இருக்கும். ஏபிகே என்று முடிந்தால் அது ஆண்ட்ராய்டில் செயலியை நிறுவும் கோப்பு. நிறுவி அனுமதியும் கொடுத்துவிட்டால், வங்கி குறுஞ்செய்தியில் டேக் எண் (பரிவர்த்தனையை உறுதிப்படுத்தும் ஒருமுறை எண்) அனுப்பினால், அதைக்கூட அது படித்துவிடும். கடைக்கு வரும் வயதானவர்களிடம் இதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது ஒரு கோயிலின் சிறப்பு மலர் புத்தகம். 2009-இல் பக்கத்துத் தோட்டத்து மாரியம்மன் கோயில் கும்பாபிஷேகத்துக்கு மலர் செய்து கொடுத்தேன். 12 ஆண்டு கழிந்து அடுத்த கும்பாபிஷேக வேலை தொடங்கியபோது, பழைய நன்கொடையாளர் பட்டியல் வேண்டும் என்று கேட்டு வந்தார்கள். சிடி பத்திரமாக இருந்தது, கோப்பும் இருந்தது. வால் பிஎம்டி, அதாவது பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் மென்பொருளின் கோப்பு. அந்த மென்பொருளின் கடைசிப் பதிப்பு 2001-இல் வந்த 7.0. என் புதுக் கணினியில் அதைத் திறக்க எதுவும் இல்லை. பட்டியல் மட்டும் தனியாக ஒரு டாக் கோப்பில் கிடந்தது. வேர்டு அதைத் திறந்தது, ஆனால் திரை முழுக்க ஐரோப்பிய எழுத்துகளும் குறியீடுகளும். எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடு பரவுவதற்கு முன்னால் தமிழ் எழுத்துருக்கள் பல, ஆங்கில, ஐரோப்பிய எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்தை வரைந்து வைத்திருந்தன. டிடிஎஃப் என்று முடியும் அந்த எழுத்துருக் கோப்பு கணினியில் இல்லாவிட்டால் படிக்க முடியாது. டாக் என்ற வால் எந்த மென்பொருளில் திறக்கலாம் என்று சொல்லும், உள்ளே எந்த எழுத்துரு என்று சொல்லாது.

கடைசியில் காப்பாற்றியது பிழைதிருத்தத்துக்காகச் செயலாளர் ஐயாவுக்கு அன்று மின்னஞ்சலில் அனுப்பிய பிடிஎஃப். எழுத்துருவையும் அது தன்னுள்ளேயே சுமந்து வந்திருந்ததால் பக்கங்கள் அச்சுக்குப் போன அன்று இருந்த மாதிரியே திறந்தன. பெயர்களை நகலெடுத்து ஒட்டினால் மறுபடி குறியீடுகளே வந்தன. ஆகவே திரையைப் பார்த்து எல்லாப் பெயரையும் யூனிகோடில் புதிதாகத் தட்டினேன். மூன்று இரவுகள் ஆயின. அடோபி 1993-இல் கொண்டுவந்த பிடிஎஃப், 2008-இல் ஐஎஸ்ஓ என்ற உலகத் தர அமைப்பின் பொதுத்தரமானது. ஒரே நிறுவனத்தின் மென்பொருளை நம்பி நிற்காத வடிவம் என்பதால் அதன்மேல் எனக்கு நம்பிக்கை அதிகம். இப்போது ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு கோப்பு வைக்கிறேன்: திருத்த வேர்டின் டாக்எக்ஸ், பாதுகாக்க பிடிஎஃப்.

டாக்எக்ஸைப் பற்றி ஒரு செய்தி. 2007 ஆபீஸிலிருந்து வழக்கத்துக்கு வந்த இது உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம். நகல் ஒன்று எடுத்து வாலை ஜிப் என்று மாற்றித் திறந்தால், உள்ளே மீடியா என்ற கோப்புறையில் படங்கள் தனித்தனியாக இருக்கும். ஆவணத்துக்குள் ஒட்டிய படங்களைப் பல முறை இப்படி எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

எல்லாக் கோப்பிலும் இந்த வழி செல்லாது. ஐபோனில் 2017 முதல் படங்கள் எச்ஈஐசி என்ற வாலோடு வருகின்றன. பெயரில் ஜேபிஜி என்று மாற்றி எழுதிக் கொண்டு வருகிறார்கள். பெயர்தான் மாறும், உள்ளே படம் அப்படியேதான் இருக்கும். முறையாக மாற்றிச் சேமிக்க வேண்டும், அல்லது கேமரா அமைப்பில் 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' என்று வைத்துக்கொள்ள வேண்டும்.

சிஎஸ்வி அமைதியாகக் கெடுக்கும். டியூஷன் மாணவர் பட்டியல் ஒன்றை எக்செலில் நேராகத் திறந்து சேமித்துவிட்டேன். 2008, 2009-இல் பிறந்த பிள்ளைகளின், 08, 09 என்று தொடங்கும் அடையாள அட்டை எண்கள் 12 இலக்கத்திலிருந்து 11 ஆகிவிட்டன. முன்னால் இருந்த பூஜ்யம் போய்விட்டது, கைப்பேசி எண்களிலும் அப்படியே. சிஎஸ்வி என்பது காற்புள்ளி போட்ட வெறும் எழுத்து. எது எண், எது எழுத்து என்று குறிக்க அதில் இடமில்லை, எக்செல் தானாக முடிவு செய்கிறது. டேட்டா பகுதியில் 'ஃப்ரம் டெக்ஸ்ட்' வழியாகக் கொண்டுவந்து, அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட் என்று குறித்து, யுடிஎஃப்-8 என்ற யூனிகோடு வகையைத் தேர்ந்தெடுத்தால் பூஜ்யமும் நிற்கும், தமிழ்ப் பெயரும் உடையாது.

போன மாதம் ஓர் அக்கா தன் அப்பாவின் படத்தைக் கொண்டு வந்தார், பால்மரக் காட்டில் வாளியோடு நிற்கும் படம். வீட்டில் இருந்த ஒரே பிரதி. ஜேபிஜி திருத்தித் திருத்திச் சேமிக்கும்போது ஒவ்வொரு முறையும் கொஞ்சம் விவரத்தை இழக்கும், பிஎன்ஜி இழக்காது. அதனால் 600 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்து பிஎன்ஜியாகப் பென்டிரைவில் போட்டேன். உறவினர்களுக்கு அனுப்பச் சின்ன ஜேபிஜி ஒன்றும் செய்தேன். "அக்கா, பெரிய படத்த யாருக்காச்சும் வாட்ஸ்அப்ல அனுப்பணும்னா டாக்குமெண்டா அனுப்புங்க, போட்டோவா அனுப்பாதீங்க" என்று உறையின்மேல் எழுதியும் கொடுத்தேன்.