கையால் செய்த ஹெட்போன் ஆம்புக்கு எந்த பேட்டரி? ஒரு தவில் தனியை வைத்துப் பார்த்த விமர்சனம்

மிட்டாய் டப்பாவுக்குள் அடங்கும் சிமோய் (CMoy) என்ற எளிய வகை ஹெட்போன் ஆம்ப் செய்பவர்கள் ஐசிக்கும் கெப்பாசிட்டருக்கும் பார்த்துப் பார்த்துச் செலவழிக்கிறார்கள். பேட்டரி என்று வரும்போது மட்டும் தெருமுனைக் கடையில் கிடைத்ததை மாட்டிவிடுகிறார்கள். சத்தம் கெடுவது பெரும்பாலும் அங்கேதான். தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை ரேடியோக் கடைகளில் கேட்டதும் எடுத்துக் கொடுக்கும் வகைகளையும், சென்னை ரிச்சி தெருவிலிருந்தோ கூரியரிலோ வரவழைக்க வேண்டியவற்றையும் இங்கே சேர்த்தே எடைபோடலாம்.

அளவுகோல் ஒரே ஆம்ப்தான்: ஓபிஏ2134 ஐசி, பேட்டரி வோல்ட்டேஜைப் பாதியாகப் பிரிக்கும் நடுக்கிரவுண்டுக்கு இரண்டு 4.7 கிலோஓம் ரெசிஸ்டர், இரண்டு 220 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், 32 ஓம் ஹெட்போன். பாட்டே ஓடாதபோதும் ஐசி 8 மில்லிஆம்பியர் இழுக்கும். ரெசிஸ்டர் ஜோடிக்கு 1. பாட்டும் சேர்ந்தால் சராசரியாக 15 என்று வைத்துக்கொள்ளுங்கள். பவர் எல்இடிக்கு 1 கிலோஓம் போட்டிருந்தால் அது தனியாக 7 மில்லிஆம்பியர் தின்னும். பேட்டரியில் மூன்றில் ஒரு பங்கு அந்தச் சிவப்புப் பொட்டுக்கே போய்விடும். முதல் வேலையாக அந்த 1 கிலோஓமைக் கழற்றி 10 கிலோஓம் போடுங்கள். வெளிச்சம் போதும்.

கேட்டுப் பார்க்கத் தவில் தனியைவிட நல்ல சோதனை இல்லை. தவிலில் தாழ்ந்த ஒலி தரும் தொப்பிப் பக்கத்துக் கனமான அடி விழும் நொடியில் ஆம்ப் கேட்கும் கரண்ட் சட்டென்று ஏறும். பேட்டரி அதைக் கொடுக்கிறதா, மூச்சு வாங்குகிறதா என்று உடனே தெரிந்துவிடும். 78 ஆர்பிஎம் தட்டிலிருந்து எடுத்த ராஜரத்தினம் பிள்ளை தோடியை இந்தச் சோதனைக்கு வைக்காதீர்கள். தட்டின் இரைச்சலே பேட்டரி இரைச்சலை மறைத்துவிடும்.

முதலில், எல்லாக் கடையிலும் தொங்கும் சாதா 9 வோல்ட், அதாவது 6எஃப்22 என்று அச்சிட்ட துத்தநாக-கார்பன் வகை. மல்டிமீட்டர் வைத்தால் 9.4 வோல்ட் காட்டி மயக்கும். ஆனால் புதிதிலேயே இதன் உள்தடை (பேட்டரிக்குள்ளேயே கரண்டைத் தடுக்கும் தடை) 30 ஓம் அளவில் இருக்கும். 50 மில்லிஆம்பியர் உச்சத்தில் ஒன்றரை வோல்ட் உள்ளேயே தொலைகிறது. தவில் அடி "தொம்" என்று விழ வேண்டிய இடத்தில் "டப்" என்று தட்டையாக விழும். நாதஸ்வரம் கூட வாசிக்கும் இடமானால் அதுவும் அந்த நொடியில் கரகரக்கும். ரேடியோவுக்குச் சரி, இதற்கு வேண்டாம்.

அல்கலைன் 9 வோல்ட் (6எல்ஆர்61) விலை பல மடங்கு, தரமும் அப்படியே. உள்தடை 2 ஓம் பக்கம்தான், கொள்ளளவு சுமார் 550 மில்லிஆம்பியர்-மணி. நம் ஆம்பில் 30 மணி நேரத்துக்கு மேல் ஓடும். முடியும் தறுவாயில் திடீரென்று நிற்காது, சத்தம் மெல்ல இறுகி எச்சரிக்கும். வாரத்துக்கு ஓரிரு மணி நேரம் கேட்பவருக்கு இதற்கு மேல் யோசனை தேவையில்லை. தினமும் கும்பகோணத்துக்கும் தஞ்சாவூருக்கும் பஸ்ஸில் போய்வருபவருக்குத்தான் கட்டுப்படியாகாது.

இரண்டு 9 வோல்ட் வைத்து நிஜமான பிளஸ்-மைனஸ் சப்ளை கொடுக்கலாமா? 300 ஓம் ஹெட்போன் வைத்திருந்தால் கட்டாயம் கொடுங்கள், வித்தியாசம் காதுக்கே தெரியும். ஆனால் ஸ்விட்ச் இரண்டு பேட்டரியையும் ஒரே நேரத்தில் வெட்டும் இரட்டை வகையாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் விட்டுப்போனால், அல்லது ஒரு கிளிப் தளர்ந்தால், வெளியீட்டில் பல வோல்ட் டிசி நின்று ஹெட்போன் சுருளைச் சுட்டுவிடும். நடுக்கிரவுண்ட் ரெசிஸ்டர்களையும் அப்போது கழற்றிவிட வேண்டும்.

யுஎஸ்பி வாயுடன் வரும் லித்தியம் 9 வோல்ட் இப்போது பரவலாகக் கிடைக்கிறது. இதில் இரண்டு ஜாதி உண்டு, உறையைப் பார்த்துச் சொல்ல முடியாது. முழுதாக சார்ஜ் ஏற்றி மீட்டர் வையுங்கள். 8.4 வோல்ட் அளவில் காட்டி, ஓட ஓட மெல்ல இறங்கினால் உள்ளே இரண்டு செல் நேராக வெளியே வருகிறது. அது நல்ல ஜாதி. எப்போது பார்த்தாலும் 9.0 என்று அசையாமல் நின்றால் உள்ளே கன்வெர்ட்டர் இருக்கிறது. அது இரைச்சல் கொண்டுவரும், முடியும்போது சொல்லாமல் கொள்ளாமல் "டொப்" என்று காதில் அடித்து நிற்கும். உறையில் போட்டிருக்கும் கொள்ளளவை நம்ப வேண்டாம். 470 ஓம், அரை வாட் ரெசிஸ்டர் ஒன்றைக் குறுக்கே போட்டால் நம் ஆம்ப் அளவுக்கே இழுக்கும். 6 வோல்ட்டுக்கு இறங்க எத்தனை மணி நேரம் என்று எண்ணினால் உண்மை வெளிவரும்.

அடுத்தது பலரும் ஆசைப்பட்டுச் செய்து மாட்டிக்கொள்வது: ஒற்றை 18650 செல் (உருளை வடிவ லித்தியம் செல்), சார்ஜுக்கு டிபி4056 போர்டு, 3.7 வோல்ட்டை 9 ஆக்க எம்டி3608 பூஸ்ட் போர்டு. காகிதத்தில் அழகு. எம்டி3608 1.2 மெகாஹெர்ட்ஸில் ஓடுவதால் காதுக்குக் கேட்காது என்பார்கள். அது கனமான லோடில்தான் உண்மை. லோடு குறைந்தால் இந்தச் சிப் தானாகவே துடிப்புகளை விட்டுவிட்டுக் கொடுக்கும் முறைக்கு மாறிவிடும். நம் 15 மில்லிஆம்பியர் அதற்கு லோடே இல்லை. அப்போது அலைவு காதுக்கு எட்டும் அளவுக்கு இறங்கி, ஆலாபனையின் அமைதியில் கொசு ரீங்காரம் மாதிரி ஒன்று கூடவே வரும். பூஸ்ட்டுக்குப் பின் 10 ஓம் தொடராகவும் 470 மைக்ரோஃபாரட் குறுக்காகவும் போட்டால் நன்றாகக் குறையும், முழுக்கப் போகாது.

இதைச் செய்தே தீருவேன் என்பவர் இரண்டு விஷயம் பாருங்கள். பூஸ்ட் போர்டின் பிரிசெட் ஸ்க்ரூவைப் பல சுற்று சுற்றி, மீட்டரில் 9 வோல்ட் பார்த்த பிறகே ஆம்பில் இணைக்க வேண்டும். அது 28 வோல்ட் வரை ஏறும், 16 வோல்ட் கெப்பாசிட்டர் தாங்காது. ஸ்விட்ச் செல்லுக்கும் பூஸ்ட்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும், பூஸ்ட்டுக்குப் பின்னால் வைத்தால் செல் சும்மா இருந்தே வடியும்.

இந்த அமைப்பின் பெரிய ஆபத்து சார்ஜ் ஏறும்போதே பாட்டுக் கேட்பது. ஹெட்போன் கிரவுண்ட் என்பது பேட்டரி மைனஸ் அல்ல, நடுப்புள்ளி. ஒரே லேப்டாப்பிலிருந்து யுஎஸ்பியும் ஆடியோ வயரும் வந்தால் இரண்டும் ஒன்றாகி, பாதி வோல்ட்டேஜ் ஷார்ட் ஆகிவிடும். தகர டப்பாவிலும் இதே கதைதான்: ஆடியோ ஜாக்கின் உலோகக் கழுத்து டப்பாவைத் தொடும், சார்ஜ் ஜாக்கின் கழுத்தும் தொட்டால் முடிந்தது. பவர் ஜாக்கைப் பிளாஸ்டிக் வாஷர் போட்டே மாட்டுங்கள்.

என் தேர்வு தொடராக இரண்டு 18650. நிறைந்தால் 8.4, சராசரி 7.4 வோல்ட், பூஸ்ட் எதுவும் வேண்டாம். ஓபிஏ2134 5 வோல்ட் வரை வேலை செய்யும் என்பதால் செல் முழுவதையும் பயன்படுத்தலாம். 2500 மில்லிஆம்பியர்-மணி செல் என்றால் 160 மணி நேரம். நாளுக்கு 4 மணி கேட்டாலும் ஒரு மாதத்துக்கு மேல் சார்ஜர் பக்கம் போக வேண்டியதில்லை. தவில் அடி இதில் முழு உடம்போடு விழுகிறது. கூடவே இரண்டு கெப்பாசிட்டரையும் 470 ஆக்கினால் அடித்தளம் இன்னும் நிமிரும். குறை ஒன்றே, மிட்டாய் டப்பாவில் அடங்காது, டிபன் பாக்ஸ் அளவு வேண்டும். என்இ5532 போட்டவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது. அந்த ஐசிக்கு 10 வோல்ட்டாவது வேண்டும், இந்த சர்க்யூட்டில் அது வெளியீட்டில் 200 மில்லிவோல்ட் அளவுக்கு டிசியும் விடும்.

கட்டும்போது இரண்டு செல்லும் ஒரே மாதிரியாக, 0.05 வோல்ட்டுக்குள் சமமாக இருக்கட்டும். இரண்டு செல்லுக்கான பாதுகாப்பு போர்டு கட்டாயம். செல்லின் மேல் நேராக ஈயம் வைக்காதீர்கள், ஹோல்டர் வாங்குங்கள். டிபி4056 ஒற்றைச் செல்லுக்கானது, தொடர் ஜோடிக்கு வைக்கக் கூடாது. செல்களைக் கழற்றி இரண்டு குழி சார்ஜரில் போடுவதே சரி. "9900" என்று எழுதிய 18650 எந்த விலைக்கும் வேண்டாம், நிஜத்தில் 3500 தாண்டுவதே அரிது. பழைய லேப்டாப் செல்களையும் விட்டுவிடுங்கள். எதை மாட்டினாலும், ஹெட்போன் செருகும் முன் வெளியீட்டில் டிசி 20 மில்லிவோல்ட்டுக்குள் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் இருப்பவர்களுக்குக் கூடுதலாக ஒன்று. உப்புக்காற்றில் 9 வோல்ட் கிளிப்பின் குமிழ்கள் பச்சை பூத்துவிடும். பாட்டு விட்டுவிட்டு வந்தால் முதலில் அங்கே பாருங்கள். நயமான உப்புத்தாளால் தேய்த்து, காதுக்குச்சியில் வாஸ்லின் தொட்டு மெல்லப் பூசினால் மழைக்காலம் தாண்டும். கத்திரி வெயிலில் ஆம்பை வண்டி சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டுப் போகாதீர்கள், சூடான லித்தியம் செல்லை ஆறவைத்த பிறகே சார்ஜ் போடுங்கள். மாதக்கணக்கில் தொடப்போவதில்லை என்றால் 9 வோல்ட்டைக் கழற்றி வெளியே வையுங்கள். சாதா வகை உள்ளேயே கசிந்து போர்டின் செம்பைத் தின்றுவிடும்.