ஜெரால்டை எளிதில் விட்டுவிடும் கையேடு

ஒரு இளம்பெண்ணின் தற்கொலை பற்றி ஓர் இன்ஸ்பெக்டர் வந்து பணக்கார பிர்லிங் குடும்பத்தை விசாரிக்கும் ‘அன் இன்ஸ்பெக்டர் கால்ஸ்’ ஆங்கில நாடகத்தை மகளுக்குச் சொல்லிக்கொடுக்க இந்தத் தேர்வுக் கையேட்டை வாங்கினேன். அந்த வீட்டு மகள் ஷீலா பற்றிய பகுதி அருமை. அவள் அப்பா பிர்லிங் பற்றிய பகுதியும் சரி. அவளுக்கு நிச்சயமான ஜெரால்ட் கிராஃப்ட் பற்றிய பகுதிதான் ஏமாற்றம்.

இறந்துபோன அந்தப் பெண்ணிடம், அவனுக்கு அவள் டெய்ஸி ரென்டன், அன்பாக இருந்தான் என்று சொல்லி அவனைப் பாதி மன்னித்துவிடுகிறார்கள். அன்பு இருந்தது, மறுக்கவில்லை. பெண்பித்தன் மெகார்ட்டியிடமிருந்து காப்பாற்றினான், பசித்தவளுக்குச் சாப்பாடு வாங்கித் தந்தான். ஆனால் தங்கவைத்தது கனடா போயிருந்த நண்பனின் அறையில். நண்பன் திரும்பும் நேரம் வந்ததும் உறவும் முடிந்தது. எப்போது தொடங்குவது, எப்போது முடிப்பது, இரண்டையும் அவனே தீர்மானித்தான். சர் ஜார்ஜ் கிராஃப்டின் மகனுக்கு அது முடியும். 1912-இன் இங்கிலாந்தில் வேலையிழந்த ஆலைப் பெண்ணுக்கு எப்படி முடியும்?

அப்புறம் மூன்றாவது அங்கம். உலாவப் போனவன் திரும்பி வந்து, இன்ஸ்பெக்டர் போலி என்று நிரூபிப்பதில் மூளையைச் செலவிடுகிறான். அப்படி ஒரு பெண் இறந்தாளா என்று கேட்க மருத்துவமனைக்குப் போன் போடுகிறான். பிறகு ஷீலா திருப்பிக் கொடுத்த நிச்சய மோதிரத்தை அவளிடமே மீண்டும் நீட்டுகிறான்! அந்த மோதிரத்தில்தான் முழு ஜெரால்டும் இருக்கிறான். கையேட்டில் அதற்கு இரண்டே வரி.

ஷீலாவுக்காக வாங்கலாம். ஜெரால்டுக்கு நாடகத்தையே மறுபடி படியுங்கள்.