படிக்கட்டு விளக்கு: டூ-வேயா, பெல் புஷ்ஷா, போனா?

பழைய வண்ணாரப்பேட்டையில் கால் கிரவுண்டு மனையில் மூன்று தளம் எழுப்பியிருப்பார்கள். ஒருவர் ஏறினால் எதிரே வருபவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டிய படிக்கட்டு. அதன் விளக்கை எந்தத் தளத்திலிருந்தும் போடவும் அணைக்கவும் வேண்டும் என்பார்கள். வயரிங் வேலையில் இதைவிடச் சாதாரணமான கோரிக்கை இல்லை. என்னை அதிக முறை திரும்ப அழைத்ததும் இதுதான்.

கீழே ஒன்று, மேலே ஒன்று என இரண்டே இடம் என்றால் யோசிக்க வேண்டாம், டூ-வே சுவிட்ச் போதும். கெட்டால் தெருமுனைக் கடையில் கிடைக்கும், எந்த எலக்ட்ரீஷியனும் மாற்றிவிடுவார். ஆனால் ஒயரை மிச்சம் பிடிக்க, இரண்டு சுவிட்சுக்கும் ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் கொண்டுபோகும் பழைய குறுக்குவழி ஒன்று உண்டு. அப்படிச் செய்த வீட்டில் விளக்கு அணைந்திருக்கும்போதே ஹோல்டரின் இரு முனையிலும் டெஸ்டர் எரியக்கூடும். பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறுபவருக்கு அது தெரியாது. பார்த்தால் அன்றைக்கே பிரித்துவிடுங்கள்.

மூன்றாவது இடம் வந்ததும் தொல்லை தொடங்குகிறது. மூன்று தளமும் மொட்டை மாடியும் சேர்ந்தால் முனைகளில் இரண்டு டூ-வே, நடுவில் நான்கு முனையுள்ள இன்டர்மீடியட் சுவிட்ச் இரண்டு. விளக்குக்கான மின்சாரம் எல்லாச் சுவிட்சையும் தொட்டுத்தான் போகிறது. நடுவில் ஒன்று கெட்டால் மொத்தப் படிக்கட்டும் தடுமாறும். காசிமேட்டில் ஒரு வீட்டில் அப்படி ஒரு பெட்டியைத் திறந்தேன். திருகில் பச்சை பூத்திருந்தது. தொட்டதும் செம்பு இழை உதிர்ந்தது. கடல் காற்றின் வேலை. பைப்பில் நெடுந்தூரம் சேர்ந்தே ஓடும் ஒயர்களில் தூண்டப்படும் மின்சாரத்தால், அணைத்த எல்இடி மங்கலாக மினுக்குவதும் உண்டு. குண்டு பல்பு காலத்தில் இது கண்ணுக்கே தெரியாது.

என் ஓட்டு இம்பல்ஸ் ரிலேவுக்கு. வீட்டின் மின்சாரம் சர்க்யூட்களாகப் பிரியும் டி.பி. பெட்டிக்குள் ஒரு சிறிய ரிலே, அதாவது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச். தளத்துக்கு ஒரு பெல் புஷ். ஒரு முறை அழுத்தினால் விளக்கு எரியும், மறுமுறை அழுத்தினால் அணையும். பெல் புஷ் எல்லாம் இணையாக ஒரே ஜோடி ஒயரில் தொங்குகின்றன. நாளை ஐந்தாவது இடம் வேண்டுமென்றால் அருகிலிருக்கும் பெல் புஷ்ஷிலிருந்து இரண்டு ஒயர் இழுத்தால் போதும். விளக்குக்கான மின்சாரம் அந்தப் பக்கம் வருவதே இல்லை. 12 அல்லது 24 வோல்ட் காயில் (ரிலேவை இயக்கும் கம்பிச்சுருள்) உள்ள ரிலே போட்டால், மழையில் நனையும் மொட்டை மாடி பொத்தானுக்கு 230 வோல்ட்டைக் கொண்டுபோக வேண்டியதும் இல்லை.

குறைகளும் உண்டு. நள்ளிரவில் ‘டக்’ என்ற சத்தம் கேட்கும். தெருமுனைக் கடையில் கிடைக்காது, பாரிமுனை வரை போக வேண்டும். உப்பேறிய பெல் புஷ் அழுந்தியபடியே சிக்கிக்கொண்டால் சில ரிலேக்களின் காயில் சூடேறிக் கருகும்.

அதே ஒயரில், ரிலேவைக் கழற்றிவிட்டு டைமரையும் பொருத்தலாம். விளக்கு தானே அணையும். ஒரு வீட்டில் ஒரு நிமிடம் வைத்துவிட்டு வந்தேன். மறுநாளே அந்த வீட்டு ஆயா கூப்பிட்டார். “தம்பி, நீ ஏறும் வேகத்துக்கு வைத்துவிட்டாய். எனக்குப் பாதிப் படியிலேயே இருட்டிவிடுகிறது.” பெட்டியில் திருகைத் திருப்பி மூன்று நிமிடமாக்கினேன். சுவரைத் தொடவில்லை.

ஆள் நடமாட்ட சென்சார் நம் ஊர் மே மாதத்தில் சுணங்கும். உடல் சூட்டுக்கும் சுவர்ச் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துத்தான் அது ஆளைக் கண்டுபிடிக்கிறது. அந்த வித்தியாசமே குறைந்துபோனால் அது என்ன செய்யும்? ஒரே வரிசையில் 64 கருவிகளுக்குத் தனித்தனி முகவரி தரும் டாலி என்ற விளக்குக் கட்டுப்பாட்டு முறை பெரிய அலுவலகங்களுக்கு அருமையானது. கால் கிரவுண்டு வீட்டுக்கு அது தேரை வாங்கித் திண்ணையில் நிறுத்துவது போல.

போனில் இயங்கும் வைஃபை சுவிட்சைத்தான் இப்போது பிள்ளைகள் கேட்கிறார்கள். பெரும்பாலானவற்றுக்குச் சுவிட்ச் பெட்டியிலேயே நியூட்ரல் வேண்டும்; பழைய வீடுகளில் அது இருக்காது. மின்வெட்டு முடிந்து மின்சாரம் திரும்பும்போது, அமைப்பைச் சரியாக வைக்காவிட்டால், அதிகாலை மூன்று மணிக்குப் படிக்கட்டு முழுக்க ஒளிமயம். இம்பல்ஸ் ரிலே விட்ட இடத்திலேயே நிற்கும். போன் வேண்டும் என்பவர்கள், பெல் புஷ் இணைப்பை ஏற்கும் வைஃபை ரிலேவை டி.பி. பெட்டியிலேயே பொருத்தலாம். நியூட்ரல் அங்கே இருக்கிறது. ஆயாவுக்குப் பெல் புஷ்ஷும் அப்படியே இருக்கும்.

எதைப் போட்டாலும் டி.பி. பெட்டியை முதல் மாடியில் வையுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வியாசர்பாடியில் தரைத்தள வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. கீழ்த்தளத்துக்குத் தனி சர்க்யூட்டும் மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் இருந்தால், தண்ணீர் ஏறும்போது கீழே மட்டும் அணைத்துவிட்டு, மேல் படிகளின் விளக்கில் சாமான்களை ஏற்றலாம்.