சிறை வாசலில் தலைக்காயம்: ஒரே கேள்வியா, ஐந்து நிமிடமா?

"தலையில் அடிபட்டதுண்டா?" புதிதாக வரும் கைதியிடம் இப்படி ஒரே கேள்வி கேட்டால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் பல வருடம் கணவனிடம் அடிவாங்கிய பெண் அதைக் 'காயம்' என்றே நினைத்திருக்க மாட்டார். "இல்லை" என்றுதான் சொல்வார்.

அமெரிக்காவின் ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகம் உருவாக்கிய கேள்வி முறை பொறுமையானது. விழுந்தீர்களா, வண்டி மோதியதா, யாராவது அடித்தார்களா, அப்புறம் நினைவு தப்பியதா என்று ஒவ்வொன்றாகக் கேட்கும். ஐந்து நிமிடம் போதும். என் ஓட்டு இதற்குத்தான்.

இங்கிலாந்தின் டிரேக் ஹால் பெண்கள் சிறையில் வேறொரு கேள்விப் பட்டியலோடு விரிவாக விசாரித்த ஆய்வு 2019இல் வெளியானது. 64 சதவீதம் பேர் மூளைக்காயம் பட்டிருக்கலாம் என்று காட்டும் பழைய அனுபவங்களைச் சொன்னார்கள். அப்படிப்பட்டவரிடம் மூன்று உத்தரவை ஒரே மூச்சில் சொன்னால் மூன்றாவது மனதில் நிற்காமல் போகலாம். அதைத் திமிர் என்று குறித்துவிடுகிறார்கள்.