களியாட்டமா, ஓம்காராவா?

நம் நாட்டு சினிமாவுக்கு ஷேக்ஸ்பியர் இரண்டு வழியில் வருவார். நாயகன் கல்லூரி நாடகத்தில் வேஷம் கட்டி, ஒரு காட்சி பேசிவிட்டு இறங்குவது ஒரு வழி. கதையையே பெயர்த்துக் கொண்டுவந்து இங்கே ஊன்றுவது இன்னொரு வழி. இயாகோ என்பவன் ஒரு கைக்குட்டையைச் சாட்சியாக்கி மூட்டும் சந்தேகத்தில், ஒத்தெல்லோ என்ற தளபதி தன் மனைவி டெஸ்டிமோனாவைக் கொன்றுவிடுகிற கதைதான் 'ஒத்தெல்லோ'. அதற்கு இரண்டுமே நடந்திருக்கிறது.

மேடைக் காட்சி என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது 1963-இல் கண்ணதாசன் தயாரித்த 'இரத்தத் திலகம்'. சிவாஜி ஒத்தெல்லோ, சாவித்திரி டெஸ்டிமோனா, வசனம் ஆங்கிலத்திலேயே. பிரமாதமாக இருக்கும், ஆனால் என் கணக்கில் அது சிவாஜி ரசிகருக்கான விருந்துதான். இதே உத்தி அதற்கு இரண்டு வருஷம் முன்னால் வந்த வங்காளப் படம் 'சப்தபதி'யில் கதைக்குள்ளேயே வேலை செய்கிறது. ஆங்கிலோ இந்தியப் பெண்ணான சுசித்ரா சென், உத்தம் குமாரோடு மேடையேறும் முன்பு "அவன் என்னைத் தொடக்கூடாது" என்கிறார், அப்புறம் ஒத்தெல்லோ டெஸ்டிமோனாவைக் கொல்லும் காட்சி வருகிறது, தொடாமல் எப்படிக் கொல்வது? இத்தனைக்கும் அந்த ஆங்கில வசனத்துக்குக் குரல் கொடுத்தது உத்பல் தத்தும் ஜெனிஃபர் கெண்டலும். எனக்கு அது ஒரு குறையாகவே படவில்லை.

சரி, கதையையே பெயர்த்துக் கொண்டுவந்த படங்களின் நிஜமான போட்டிக்கு வருவோம். ஜெயராஜ் இயக்கிய மலையாளப் படம் 'களியாட்டம்' 1997, விஷால் பரத்வாஜின் இந்திப் படம் 'ஓம்காரா' 2006.

ஒத்தெல்லோ கதையை எடுக்கிறவர் முதலில் தீர்க்க வேண்டிய சிக்கல் ஒன்று உண்டு. அவன் வெனிஸ் நகரத்துக்கே தளபதி, அதே சமயம் அந்த ஊர் தன் வீட்டுப் பெண்ணைக் கொடுக்க விரும்பாத கறுப்பன். தலைவணங்கவும் வேண்டும், தள்ளியும் வைக்க வேண்டும். இதற்கு ஜெயராஜ் பிடித்த இடம் வட மலபாரின் தெய்யம் என்ற சாமியாட்டம். கோலம் கட்டி ஆடும்போது அவன் தெய்வம், மேல்சாதிக்காரர்களும் கைகூப்பி அருள்வாக்குக் கேட்பார்கள், கோலத்தைக் கழற்றினால் பழையபடி கீழ்சாதிக்காரன். சுரேஷ் கோபி நடித்த கண்ணன் பெருமலையனுக்கு முகத்தில் அம்மைத் தழும்பு வேறு. தாமரை (மஞ்சு வாரியர்) தன்னை எப்படி விரும்பினாள் என்று அவனுக்கே உள்ளூர ஒரு நம்பாமை இருப்பது அந்தத் தழும்பிலேயே தெரிந்துவிடும், தனியாக வசனம் எழுதத் தேவையே இல்லை. அந்த வருஷத்துத் தேசிய விருதில் சுரேஷ் கோபி சிறந்த நடிகர் விருதைப் பகிர்ந்துகொண்டார், ஜெயராஜுக்குச் சிறந்த இயக்குநர் விருது.

ஓம்காரா இந்த இடத்தில் சறுக்குகிறது. மேற்கு உத்தரப் பிரதேச அடியாள் அரசியல், அஜய் தேவ்கன் நடித்த ஓம்காரா என்கிற ஓமி பாதிச் சாதிக்காரன், அதாவது இரண்டு சாதிக்குப் பிறந்தவன் என்று பேச்சு வரும், அவனை விரும்பும் டோலியின் அப்பா அதைச் சொல்லிக் கொதிப்பார், அதற்கப்புறம் படம் அதை ஏறக்குறைய மறந்துவிடும். ஓமி சந்தேகப்படுவது சாதாரண ஆம்பளைச் சந்தேகமாகவே தெரியும்.

ஆனால் இயாகோ என்று வந்தால் ஆட்டமே மாறிவிடுகிறது. களியாட்டத்தின் பனியன் (லால்) தெய்யக் கூட்டத்தில் கோமாளி வேஷக்காரன், அவனுக்குக் கண்ணன் கட்டுகிற தீச்சாமுண்டியை, அதாவது தீயில் பாயும் தெய்யத்தை, தான் கட்ட ஆசை. நல்ல காரணம்தான், ஆனால் பார்த்த மாத்திரத்தில் வில்லன் என்று தெரிகிற ஆளை ஊரே எப்படி நம்புகிறது? சைஃப் அலி கானின் லங்டா தியாகி அப்படியில்லை. ஓமி தேர்தலில் நிற்கப்போகிறான், தன் இடத்துக்கு அடுத்த பாகுபலியாக, அதாவது அடியாள் தலைவனாக, கூட்டத்தில் இருக்கும் கேசு என்பவனுக்குத் திலகம் இடுகிறான், கல்லூரிப் பையன்களின் ஓட்டு அவன் கையில் இருக்கிறது என்பது கணக்கு. இத்தனை வருஷம் கூடவே நொண்டி நடந்த லங்டா கூட்டத்தில் நின்று பார்க்கிறான். பிறகு கண்ணாடியை உடைத்து, வழிகிற ரத்தத்தால் தன் நெற்றியில் தானே திலகம் இட்டுக்கொள்கிறான். அந்த நிமிஷம் நமக்கே அவன் பக்கம் நியாயம் இருப்பதாகத் தோன்றிவிடும். அதுவரை நகரத்துப் பையனாகவே பார்த்துப் பழகிய சைஃபா இது என்று அப்போது பலர் வாயைப் பிளந்தார்கள்.

கைக்குட்டைக்கும் இதே மார்க்தான். நாடகத்தில் அது ஸ்ட்ராபெர்ரி வேலைப்பாடு செய்த துணி, மலையாளத்தில் பட்டுத்துணி, இந்தியில் ஒட்டியாணம். குடும்பத்துப் பரம்பரை நகை என்பதால் அது தொலைந்தால் வீடே ரெண்டுபடும் என்று நமக்கு விளக்க வேண்டாம். போதாததற்கு அதை பிபாஷா பாசு இடுப்பில் கட்டிக்கொண்டு ஆடும்போது எல்லார் கண்ணும் அங்கேதான் இருக்கும்.

முடிவில் இரண்டு பேருமே மூலத்தை மாற்றினார்கள். கண்ணன் தீச்சாமுண்டியாகவே நெருப்பில் போய் விழுகிறான், தெய்யம் தெரிந்தவர்களுக்கு அதைவிடப் பொருத்தமான சாவு கிடையாது. ஷேக்ஸ்பியரில் இயாகோ தன் மனைவி எமிலியாவைக் குத்திக் கொல்வான். ஓம்காராவில் எமிலியாவான இந்து (கொங்கணா சென் சர்மா) தன் கணவன் லங்டாவின் கழுத்தை அறுக்கிறாள். ஒட்டியாணத்தை எடுத்துப்போனவள் அவள்தான், கணக்கையும் அவளே முடிக்கிறாள். இந்த ஒரு மாற்றத்துக்காகவே என் ஓட்டு ஓம்காராவுக்கு.

ஒத்தெல்லோ என்ற மனுஷனைப் பார்க்க வேண்டுமென்றால் மட்டும் களியாட்டம். ஓம்காராவில் வசவுகள் தாராளம், பிள்ளைகளை உட்கார வைத்துக்கொண்டு போட்டுவிடாதீர்கள்.